புரட்டாசிக்கு முன் சைவ இறைச்சியை வீட்டில் செய்யக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் ஞாயிறு சமையல் பக்கத்தில் சைவ மட்டன் பெரட்டல், சைவ மீன் சம்பால், சைவக் கோழிக் குருமா எனப் பல குறிப்புகள் வெளிவருகின்றன. அவற்றை எழுதுவோரின் கைப்பக்குவத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால், ஏறக்குறைய எல்லாக் குறிப்புகளும் ‘சைவ மட்டன் ஒரு பொட்டலம்’ என்ற வரியோடுதான் தொடங்குகின்றன. அந்தப் பொட்டலத்தில் இருப்பது என்ன, அது எவ்வாறு உருவாகிறது, அதை நம் வீட்டு அடுப்படியிலேயே செய்துகொள்ள இயலுமா என்பவற்றுக்கு அப்பக்கத்தில் இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. மசாலாவை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்பதை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லித் தரும் நாம், கறிக்கு ஆதாரமான பொருளை மட்டும் கடையின் உறைபெட்டியிடம் ஒப்படைத்துவிட்டோம். இதை மாற்றுவதற்குத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலேசியாவில் நாம் சைவ இறைச்சி என்று வாங்குபவற்றில் பெரும்பகுதி, சீனப் பௌத்தர்களும் தாவோயியரும் பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்த சமையல் மரபிலிருந்து வந்தது. ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது அம்பாங்கிலும் பட்டர்வொர்த் ராஜா ஊடாவிலும் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கிடைக்கும் சைவ உணவுகளை நம்மவர்களும் விரும்பி உண்பதைப் பார்க்கிறோம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்களில் நடைபெறும் அத்திருவிழா, பல ஆண்டுகளில் நம் புரட்டாசி விரதத்தோடு சேர்ந்தோ அதை ஒட்டியோ வருவதால், இரு சமூகத்தாரும் ஒரே காலத்தில் ஒரே உறைபெட்டியைத் திறக்கிறோம். அவர்களுடைய அடுப்படியில் பிறந்த அப்பண்டம் நம் சோம்பும் பட்டையும் கறிவேப்பிலையும் சேர்ந்து பெரட்டலாக மாறியது இந்நாட்டுத் தமிழர் சமையலில் நிகழ்ந்த அழகான கலப்புகளுள் ஒன்று என்பதே என் கருத்து. ஆகவே, பொட்டலத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பண்டத்தை ஏற்றுக்கொண்ட நாம் அதன் செய்முறையையும் கற்றிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அச்செய்முறையோ மிகவும் பழையது, எளியது. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினால் மாவுச்சத்து கரைந்து போய்விடும். நீரில் கரையாத புரதம் மட்டும் இழுவையான பிண்டமாகக் கையில் எஞ்சும். குளூட்டன் எனப்படும் இப்புரதமே சைவ மட்டன், சைவ வாத்து, சைவக் கோழி என்று விற்கப்படும் பல பண்டங்களுக்கு அடிப்படை. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் ஷென் குவோ, இரும்புக்குள் எஃகு இருப்பதை விளக்கும்போது, மாவைக் கழுவக் கழுவ அதனுள்ளிருந்து குளூட்டன் வெளிப்படுவதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். படிப்பவர் அனைவருக்கும் தெரிந்த செயலாக இருந்தால்தானே அதை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியும்? அக்காலத்துச் சாதாரணச் சமையலறைக்குக் கைவந்த ஒன்று, மின்விசிறியும் குளிர்பெட்டியும் அரைவை இயந்திரமும் உள்ள நம் சமையலறைக்கு எட்டாததாக இருக்க முடியாது.

செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ரொட்டி செய்வதற்கென விற்கப்படும், புரதம் மிகுந்த கோதுமை மாவை ஒரு கிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். உறையில் அச்சிடப்பட்டிருக்கும் சத்து அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. கேக் செய்யும் மென்மாவில் புரதம் குறைவு என்பதால் அது இதற்கு ஏற்றதன்று. ஒரு தேக்கரண்டி உப்பும் சுமார் 600 மில்லிலிட்டர் தண்ணீரும் சேர்த்து, பரோட்டா மாவுக்குப் பிசைவதைப் போலப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிசைய வேண்டும். பின்னர் மாவுருண்டையைப் பாத்திரத்தில் வைத்து, அது மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். இந்த ஓய்வைத் தவிர்த்துவிட்டு உடனே கழுவத் தொடங்கினால், புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைவதற்குள் மாவு துண்டுதுண்டாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். ஊறிய உருண்டையை அதே தண்ணீரில் மெதுவாக அமுக்கிப் பிசைந்தால் தண்ணீர் பால் போல வெளுக்கும். அந்தப் பாலை வேறொரு பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மீண்டும் பிசைய வேண்டும். வெந்நீர் கூடாது. ஐந்தாறு முறை தண்ணீர் மாற்றியதும் அது ஏறக்குறையத் தெளிந்துவிடும். இடையில் ஒரு கட்டத்தில் உருண்டை குலைந்து நார் நாராகத் தோன்றும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாம் வீணாகிவிட்டது என்று கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பொறுமையாகத் தொடர்ந்தால் அந்த நார்களே மீண்டும் ஒன்றாகத் திரளும். இறுதியில் ஒரு கிலோ மாவிலிருந்து ஏறக்குறைய 300 கிராம் ஈரக் குளூட்டன் கிடைக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைக் காட்டிலும் பாத்திரத்தில் கழுவுவதே நல்லது; தண்ணீரும் மிச்சமாகும், மாவுப்பாலும் வீணாகாது.

அந்த மாவுப்பாலைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கிலோ மாவில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவது உணவை வீணாக்குவதாகும். முதல் இரண்டு மூன்று கழுவல்களின் பாலை ஓர் இரவு குளிர்பெட்டியில் அசையாமல் வைத்திருந்தால் மாவு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிந்த பாலைச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் கோதுமை அல்வா கிடைக்கும். திருநெல்வேலியில் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து அல்வா கிண்டுகிறார்கள். அங்கே பால் முதன்மை, சக்கை மிச்சம். இங்கே சக்கை முதன்மை, பால் மிச்சம். நம் பாட்டிமார் கைகள் பாலெடுக்கும் வேலையை நன்றாகவே அறிந்தவை. குளூட்டன் எடுப்பது அவ்வேலையின் மறுபக்கம்தான்.

இனி, அதை இறைச்சியின் பதத்திற்குக் கொண்டுவரும் முறை. கழுவி எடுத்த குளூட்டனில் உப்போ சுவையோ துளியும் இராது. பிசையும்போது சேர்த்த உப்பும் தண்ணீரோடு போயிருக்கும். எனவே, அதைப் பச்சையாக இருக்கும்போதே சுவையூட்டிய சாற்றில் போட்டு வேகவைக்க வேண்டும். வெந்து இறுகிய பின் மசாலாவில் போட்டால் சுவை மேலோடு நின்றுவிடும். உலர்ந்த ஷிட்டாக்கே காளானை ஊறவைத்த நீர், சிறிது சோயாச் சாறு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகு, இஞ்சி, தேவையான உப்பு ஆகியவை சேர்ந்த சாறு போதுமானது. விரதத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்குவோருக்கும் இச்சாறு ஏற்றது. குளூட்டனைக் கையால் நீளமாக இழுத்து, முறுக்கி, முடிச்சிட்டுப் போட்டால் இழைகள் ஒரே திசையில் அமைந்து, வெந்த பின் பிய்க்கும்போது இறைச்சியைப் போல நார் நாராக வரும். கத்தியால் நேராக வெட்டிப் போடும் துண்டுகளில் இந்த நார்த்தன்மை அமைவதில்லை. சாறு கொதித்துப் பொங்கினால் துண்டுகள் பஞ்சு போல உப்பிவிடும். ஆகையால் சிறுதீயில், சாறு இலேசாகச் சலனப்படும் அளவிலேயே, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிறகு அச்சாற்றிலேயே ஆறவிட்டு ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் நன்றாக இறுகும். மறுநாள் அதைப் பிய்த்து எண்ணெயில் சிவக்க வறுத்து, இறைச்சி மசாலாவும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பெரட்டினால், கடைப் பொட்டலத்தைத் தேட மனம் வராது. சாற்றோடு மூடிவைத்தால் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள்கள் கெடாமல் இருக்கும். மாவைக் கழுவுவதற்கு நேரமோ கைவலுவோ இல்லாதவர்கள், ரொட்டி, கேக் செய்யும் பொருள்களை விற்கும் கடைகளில் குளூட்டன் தூளாகவே வாங்கித் தண்ணீர் சேர்த்துப் பிசைந்துகொள்ளலாம்.

சமையல் பக்கத்தில் காணும் மற்றொரு குறை சத்தைப் பற்றியது. பிஞ்சுப் பலாக்காய், காளான், வாழைப்பூ, கோதுமைக் குளூட்டன், சோயா ஆகிய எல்லாவற்றையும் ‘இறைச்சிக்கு மாற்று’ என்ற ஒரே தலைப்பில் வரிசையாக அடுக்கிவிடுகிறோம். பல்லுக்கும் நாவுக்கும் இவை ஒன்றுபோலத் தோன்றலாம், உடலுக்கு அவ்வாறன்று. 100 கிராம் பிஞ்சுப் பலாக்காயில் புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான். காளானில் 3 கிராம் அளவு. ஈரக் குளூட்டனிலோ 20 முதல் 25 கிராம் வரை உண்டு. சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் தெம்பேயில் சுமார் 19 கிராம் இருக்கிறது. சோயா உருண்டைகளில் உலர்ந்த நிலையில் 50 கிராமுக்கு மேல் என்று உறையில் போட்டிருப்பது உண்மையே. ஆனால், ஊறும்போது அவை தம் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால், தட்டுக்கு வரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே கணக்கில் வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 48 கிராம் புரதம் வேண்டும் என்ற பொதுவான அளவை வைத்துப் பார்த்தால், ஒரு மாதம் முழுவதும் இறைச்சியையும் மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டுப் பலாக்காய்ப் பெரட்டலை மட்டும் நம்பியிருக்கும் ஒரு முதியவருக்கோ வளரும் பிள்ளைக்கோ என்ன குறையும் என்பதை எளிதில் உணரலாம். பலாக்காயை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த பிஞ்சுப் பலாவுக்கு ஈடான சுவை வேறில்லை. அதைக் காய்கறியாகவே பரிமாறி, பக்கத்தில் பருப்பையும் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கோதுமைப் புரதத்திலும் ஒரு போதாமை உண்டு. லைசின் என்ற இன்றியமையா அமினோ அமிலம் அதில் குறைவு. பருப்பு வகைகளிலும் சோயாவிலும் அது தாராளமாக உள்ளது. கழுவிய குளூட்டனோடு மூன்று நான்கு தேக்கரண்டி கடலை மாவைச் சேர்த்துப் பிசைந்தால் அக்குறை சற்றுக் குறையும்; பெரட்டலைச் சாம்பாரோடும் பருப்புக் கடையலோடும் உண்டால் பெரிதும் நீங்கும். கடலை மாவு சேர்ந்த துண்டுகள் சற்று மென்மையாகவும் இருப்பதால் பல் வலுவிழந்த பெரியவர்களுக்கு அவை ஏற்றவை. பி12 உயிர்ச்சத்து மட்டும் இத்தகைய தாவர உணவுகளிலிருந்து கிடைப்பதை நம்ப முடியாது. ஒரு மாத விரதத்தில் இதனால் கவலையில்லை. ஆண்டு முழுவதும் பால்கூட இல்லாமல் சைவம் கடைப்பிடிப்போர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கு, குறிப்பாகக் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு, குளூட்டன் கண்டிப்பாக ஆகாது. வீட்டுக்கு வந்த விருந்தினருக்குச் சைவ மட்டன் பரிமாறும்போது அது கோதுமையால் ஆனது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உருவத்தைப் பார்த்து யாரும் அதைக் கோதுமை என்று நினைக்க மாட்டார்கள். இவ்வளவு முக்கியமான ஒரு செய்தியை நம் சமையல் குறிப்புகள் எதிலும் நான் கண்டதில்லை.

கோதுமை ஒவ்வாதவர்களுக்காகச் சோயாவும் பயறும் இருக்கின்றன. சோயாவை ஊறவைத்து அரைத்து, பச்சை வாடை போகப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்து வடிகட்டி, சூடாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாறோ உணவுக்கான ஜிப்சம் என்ற கால்சிய உப்போ இட்டுத் திரித்தால் டோஃபு. பன்னீர் செய்யத் தெரிந்த எவருக்கும் இது புதிதன்று. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் அந்தக் கொதியைக் குறைக்கக் கூடாது என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது. தெம்பே செய்வதற்குக் கூடுதல் கவனம் தேவை. வேகவைத்துத் தோல் நீக்கிய சோயாவை ஈரம் போக ஆற்றி, கடையில் ‘ராகி’ என்ற மலாய்ப் பெயரில் கிடைக்கும் தெம்பே நொதிப்பொருளைத் (கேழ்வரகு அன்று) தூவி, வாழையிலையில் பொதிந்து வைத்தால் நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாளில் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்து பயறுகளைக் கட்டியாகப் பிணைத்துவிடும். காற்றுப்படும் இடங்களில் தோன்றும் சிறு கருமையால் தீங்கில்லை. வழவழப்போ வேறு நிறமோ அழுகல் வாடையோ தெரிந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சோயாவுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பிண்ணாக்கில் இதைச் செய்து பார்க்கும் ஆசை எவருக்கும் வரக் கூடாது. ஜாவாவில் அவ்வாறு செய்யப்பட்ட ‘தெம்பே பொங்க்ரேக்’கில் கிருமி நச்சு உண்டாகிப் பலர் உயிரிழந்ததால், இந்தோனேசிய அரசு 1988-இல் அதைத் தடைசெய்தது.

பயறு வகையில் நமக்கே உரிய முறை ஒன்று இருப்பதையும் மறந்துவிட்டோம். தமிழ்நாட்டில் பல வீடுகளில் தட்டைப்பயற்றை ஊறவைத்து, மிளகாயும் சோம்பும் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, மீன் துண்டைப் போல நறுக்கிப் பொரித்துப் புளிக்குழம்பில் போடுவார்கள். அதைச் சைவ மீன் குழம்பு என்றே அழைப்பார்கள். இதற்கு அரைவை இயந்திரமும் இட்லிச் சட்டியும் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை.

விரதம் இருப்பவர் இறைச்சியின் சாயலில் ஏன் உண்ண வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆயினும், புரட்டாசியிலும் தைப்பூசக் காவடிக் காலத்திலும் சைவத்துக்கு மாறுபவர்களில் பலர் மற்ற மாதங்களில் இறைச்சி உண்பவர்கள். கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் விரதமும் மற்றவர் வழக்கமான உணவுமாக இருக்கும் வீடுகளும் உண்டு. அத்தகைய வீடுகளில் ஒரே பெரட்டல் அனைவர் தட்டிலும் விழும்போது விரதம் இருப்பவர் தனித்து உட்கார வேண்டியதில்லை. பிள்ளைகளும் முணுமுணுக்காமல் உண்பார்கள். விரதத்தின் தூய்மை உயிர்க்கொலை தவிர்ப்பதில் இருக்கிறது என்று நம்பும் எனக்கு, கோதுமையின் உருவம் எதைப் போன்றிருந்தாலும் அது கோதுமைதான். இதற்கு மாறாக நினைப்பவர்கள் துண்டுகளைப் பருப்பு உருண்டைகளைப் போல உருட்டிக்கொள்வதற்கும் தடையில்லை.

உண்மையில், விரதத்தைப் பேணுவோர் கவலைப்பட வேண்டியது உருவத்தைப் பற்றியன்று, உறையின் பின்புறத்தைப் பற்றி. சில சைவ இறைச்சிப் பொட்டலங்களில் துண்டுகளை இறுக்குவதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்க்கப்படுகிறது. முட்டை உண்ணாத நம்மவர் பலர், ‘சைவம்’ என்ற பெரிய எழுத்தைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சேர்பொருள் பட்டியலில் எடை மிகுந்தது முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரும் என்பதால், அப்பட்டியலைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பொட்டலத்தின் முழு இயல்பும் விளங்கிவிடும். உப்பின் அளவை அதே உறையின் சத்து அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் நிறைந்த வீடுகளில் இது சிறிய செய்தியன்று. வீட்டில் ஒருமுறை குளூட்டன் கழுவிப் பார்த்தவர், கடையில் பொட்டலத்தை எடுக்கும்போதும் எது தேவை, எது சேர்மானம் என்று பிரித்தறிவார்.

ஆகவே, வரும் புரட்டாசிக்கு ஒரு மாதம் முன்னதாகவே, தங்கள் ஞாயிறு பக்கத்தில் குளூட்டன், டோஃபு, தெம்பே, தட்டைப்பயறு ஆகியவற்றின் செய்முறைகளை வாரத்துக்கு ஒன்றாக வெளியிடும்படி அன்புடன் வேண்டுகிறேன். ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’ என்று எழுதாமல் மாவும் தண்ணீரும் கிராமிலும் மில்லிலிட்டரிலும் குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் புரத அளவும், யாருக்கு ஆகாது என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். மாவு கழுவும்போது அது குலைந்து மீண்டும் திரளும் கட்டத்தை மூன்று நான்கு படங்களாக வெளியிட்டால், சொற்களால் விளக்க முடியாததை வாசகர் கண்ணால் கண்டுகொள்வார்கள். கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் செய்து காட்டுவதற்கு முன்வரக்கூடிய பெண்மணிகள் எங்கள் வட்டாரத்திலேயே பலர் இருக்கிறார்கள். தாங்கள் அறிவிப்பு ஒன்றை வெளியிட்டால் அவர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பட்டர்வொர்த்